விண்மீனுக்கு ஒரு நோட்டு

(வித்துரா வகுப்பில் ஒரு தொண்டர் பேசிய பேச்சு)

 

இன்று கூலிக் கணக்கு பேசப் போவதில்லை. ரேஷன் கார்டு மனுவும் இல்லை. அவற்றை அடுத்த வாரம் பார்ப்போம். இன்று வானத்தைப் பற்றிப் பேசுகிறேன். ஒரு விண்மீனின் ஒளி மாறுகிறதோ என்று சந்தேகம் வந்தால், அதை எப்படி உறுதி செய்வது? அது எந்த வகை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இதுதான் பேச்சு.

அதற்கு முன் நான் செய்த தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

2020ஆம் ஆண்டு, தை மாதம். நான் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் இரவு குடம் எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனேன். கீழ் லயத்து அக்கா அங்கே சட்டி கழுவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு வானத்தைக் காட்டினார்.

“தங்கச்சி, திருவாதிரை மங்கிப் போச்சு, பாத்தியா? எப்பவும் ரோகிணியைவிடப் பளிச்சுன்னு இருக்கும். இப்போ ரோகிணிக்குக் கீழே போயிடுச்சு.”

நான் சிரித்தேன். “நட்சத்திரம் எங்கேயாவது மங்குமா அக்கா? பொன்முடிப் பனி மறைச்சிருக்கும். இல்லைன்னா கண் டாக்டரைப் பாருங்க” என்றேன்.

அக்கா ஒன்றும் சொல்லவில்லை. சட்டியைக் கவிழ்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

சில வாரம் கழித்துச் செய்தியில் பார்த்தேன். உலகம் முழுவதும் அதையே பேசினார்கள். திருவாதிரை உண்மையிலேயே மங்கியிருந்தது. அமெரிக்க வானியலாளர்கள் 2019 டிசம்பரிலேயே அதைச் சொல்லியிருந்தார்கள். 2020 பிப்ரவரியில் அதன் ஒளி வழக்கத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. அது வெடிக்கப் போகிறது என்றுகூடச் சிலர் சொன்னார்கள். வெடிக்கவில்லை. அந்த ஆண்டு ஏப்ரல், மே மாதங்களில் பழைய ஒளிக்குத் திரும்பியது. திருவாதிரை தன் உடம்பிலிருந்து வாயுவைக் கக்கியது. அது குளிர்ந்து தூசியாகி முகத்தை மறைத்தது. 2021இல் விஞ்ஞானிகள் இப்படி விளக்கினார்கள்.

நான் அக்காவிடம் ஓடினேன். மன்னிப்புக் கேட்டேன். பிறகு, “எந்தத் தேதியிலிருந்து மங்கியது அக்கா?” என்று கேட்டேன். அக்கா யோசித்தார். “கார்த்திகை தீபத்துக்கு அப்புறம்... இல்லை, மார்கழி பொறந்த பிறகோ... தெரியலையே” என்றார்.

அக்காவுக்கு அப்போது எழுதத் தெரியாது. எனக்குத் தெரியும். ஆனால் நானும் எழுதவில்லை. கண் முன்னால் நடந்த ஒரு பெரிய விஷயம் நம் லயத்தில் ஒரு வரிகூட இல்லாமல் போய்விட்டது.

அக்கா இன்று முன் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். சிரிக்கிறார், பாருங்கள்.

இப்போது ஒன்றைக் கவனியுங்கள். அக்கா வெறுமனே “மங்கிவிட்டது” என்று சொல்லவில்லை. “ரோகிணிக்குக் கீழே போய்விட்டது” என்றார். இதுதான் சரியான முறை. தனியாக ஒரு விளக்கைப் பார்த்தால் அது நேற்றைவிட மங்கலா என்று சொல்ல முடியாது. பக்கத்தில் மாறாத இரண்டு விளக்கு வேண்டும். ஒன்று சற்றுக் கூடுதல் வெளிச்சம். மற்றது சற்றுக் குறைவு. நம் விளக்கு இரண்டுக்கும் நடுவில் எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டும். விஞ்ஞானிகளும் இப்படித்தான் பார்க்கிறார்கள். அக்காவுக்கு இதை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

விண்மீன்களின் ஒளிக்கு எண் கொடுத்திருக்கிறார்கள். பள்ளிக்கூட ரேங்க் மாதிரி. எண் சிறியதாக இருந்தால் ஒளி அதிகம். எண் பெரிதானால் ஒளி குறைவு. ஓர் எண் இறங்கினால் ஒளி சுமார் இரண்டரைப் பங்கு குறையும். ரோகிணியின் எண் சுமார் 0.9. திருவாதிரை வழக்கமாகச் சுமார் 0.5. வேட்டைக்காரன் என்று ஒரு விண்மீன் கூட்டம் இருக்கிறது. நடுவில் மூன்று விண்மீன் வரிசையாக, இடுப்புப் பட்டை மாதிரி இருக்கும். திருவாதிரை அவனுக்கு ஒரு தோள். இன்னொரு தோளிலும் ஒரு விண்மீன் உண்டு. அதன் எண் 1.6. 2020 பிப்ரவரியில் இரண்டு தோளும் ஏறக்குறைய ஒரே அளவாக இருந்தன. நம் கண்ணுக்கு எட்டும் கடைசி எண் 6. அதற்கு மேல் பைனாகுலரோ தொலைநோக்கியோ வேண்டும்.

நோட்டில் என்ன எழுதுவது? தேதி, நேரம், எந்த விண்மீன், எதோடு ஒப்பிட்டோம், வானம் எப்படி இருந்தது. இவ்வளவுதான். ‘தை 8, இரவு எட்டரை. திருவாதிரை, ரோகிணிக்கும் தோளுக்கும் நடுவில். பனி இல்லை.’ ஒரு வரி போதும்.

ஆனால் கண் ஏமாற்றும். சிவப்பு விண்மீனை உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தால் அது வரவரப் பிரகாசமாகத் தெரியும். ஆகையால் சட்டென்று பார்த்துவிட்டுக் கண்ணை எடுத்துவிட வேண்டும். நிலா பக்கத்தில் இருக்கும்போது பார்க்கக் கூடாது. மலை விளிம்பில் தாழ்ந்து நிற்கும்போதும் கூடாது. நோட்டின் பழைய பக்கத்தைப் பார்த்துவிட்டு வானத்தைப் பார்க்கவும் கூடாது. நேற்று எழுதியதே இன்றும் கண்ணில் தெரியும். இருவர் பார்த்து இருவிதமாகச் சொன்னால் இரண்டையும் எழுதுங்கள். சண்டை வேண்டாம்.

ஒரு நாள் மங்கல் என்று தோன்றினால் அது சந்தேகம் மட்டுமே. பல இரவு, பல மாதம் எழுதிய பிறகுதான் “இது மாறும் விண்மீன்” என்று சொல்லலாம். உலகத்தில் சந்தேகத்துக்கே தனிப் பட்டியல் உண்டு. 1982இல் மாஸ்கோவில் ஒரு பட்டியல் அச்சிட்டார்கள். மாறுகிறதோ என்ற சந்தேகம் உள்ள விண்மீன்கள் அதில் 14 ஆயிரத்துக்கு மேல். ஒவ்வொன்றையும் யாராவது பார்த்து, எழுதி, முடிவு சொல்ல வேண்டும்.

நம் தமிழ் நாட்டில் இதைச் செய்த ஒருவரைச் சொல்கிறேன். பெயர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. சென்னை நுங்கம்பாக்கத்தில் வெள்ளைக்காரர் காலத்து வான் ஆய்வுக்கூடம் இருந்தது. 1792இல் கட்டியது. அங்கே அவர் உதவியாளராக வேலை பார்த்தார். தலைவர் போக்சன் என்ற ஆங்கிலேயர். ஒவ்வொரு விண்மீனும் எங்கே இருக்கிறது, எவ்வளவு ஒளி என்று இரவு இரவாக அளந்து எழுதுவதுதான் வேலை. சலிப்பான வேலைதான். கொழுந்து எடுப்பது போல, ஒரு நாள் எடுத்ததையே மறுநாளும் எடுக்க வேண்டும். அப்படி எழுதிய கணக்கிலிருந்துதான் 1867இல் ஒரு விண்மீனின் ஒளி மாறுவதை அவர் கண்டுபிடித்தார். அதற்கு ஆர் ரெட்டிகுலி என்று பெயர். இந்தியர் ஒருவர் மாறும் விண்மீனைக் கண்டுபிடித்தது அதுவே முதல் தடவை. 1872இல் லண்டன் ராயல் வானியல் சங்கம் அவரை உறுப்பினர் ஆக்கியது. 1874இல் சூரியனுக்குக் குறுக்கே வெள்ளி போன நிகழ்ச்சியைப் பற்றி, நம் மக்களுக்குப் புரிய இந்திய மொழிகளிலும் ஒரு சிறு புத்தகம் கொண்டுவந்தார். அவர் 1880இல் காலமானார்.

அந்த விண்மீன் நம் வானத்திலும் உண்டு. தை மாத இரவில் தெற்கே அகத்தியர் விண்மீன் பளிச்சென்று நிற்கும் அல்லவா? அதற்குக் கீழே, வலது கைப் பக்கம். சுமார் 9 மாதத்துக்கு ஒரு முறை ஏறி இறங்கும். ஏறி நிற்கும்போதுகூட வெறும் கண்ணுக்கு எட்டாது.

இன்னொருவர் வங்காளத்துக்காரர். ராதா கோவிந்த சந்திரா. பள்ளி இறுதித் தேர்வில் மூன்று முறை தோற்றவர். ஜெசூர் என்ற ஊரில் அரசுக் கருவூலத்தில் நாணயம் நல்லதா கள்ளதா என்று பார்க்கும் வேலை. பகலில் காசு, இரவில் விண்மீன். அமெரிக்காவில் 1911இல் தொடங்கிய ஒரு சங்கம், மாறும் விண்மீன்களைப் பார்க்கும் சாதாரண மக்களின் கணக்குகளைச் சேர்த்து வருகிறது. அந்தச் சங்கத்துக்கு அவர் மொத்தம் 37,215 முறை பார்த்த கணக்கை அனுப்பினார். இடையில், 1926இல், அவர்கள் ஒரு ஆறு அங்குலத் தொலைநோக்கியைக் கப்பலில் அனுப்பி வைத்தார்கள். பிற்காலத்தில் அது வைணு பாப்பு என்ற வானியலாளரிடம் வந்து, தமிழ்நாட்டில் ஜவ்வாது மலைக் காவலூருக்குப் போய்ச் சேர்ந்தது. எனக்கு இவரை மிகவும் பிடிக்கும். தேர்வில் தோற்றவர் எழுதிய கணக்கை இன்றும் உலகம் பத்திரமாக வைத்திருக்கிறது.

சரி. மாறுகிறது என்று தெரிந்துவிட்டது. எந்த வகை என்று எப்படித் தெரியும்?

பலா மரத்தை நினையுங்கள். ஒரு மரம் ஆண்டுதோறும் அதே மாதத்தில் நிறையக் காய்க்கும். இன்னொரு மரம் காய்க்கும், ஆனால் முன்பின்னாக. ஒரு ஆண்டு நிறைய, ஒரு ஆண்டு கொஞ்சம். வேறொன்று எப்போது காய்க்கும் என்றே சொல்ல முடியாது. சிவப்பு விண்மீன்களிலும் இந்த மூன்று வகை உண்டு. முதல் வகை, ஒழுங்கான காலத்தில் பத்துப் பங்குக்கு மேல் ஒளி கூடிக் குறையும். இரண்டாவது, ஒழுங்கு பாதி. மூன்றாவது, ஒழுங்கே இல்லை. ஒரு மரத்தை ஒரு ஆண்டு பார்த்து இதைச் சொல்ல முடியுமா? நாலைந்து ஆண்டு பார்க்க வேண்டும். விண்மீனும் அப்படியே.

இது ஒளியை வைத்துப் பிரிக்கும் வகை. உடம்பை வைத்துப் பிரிக்கும் வகை வேறு. இங்கேதான் கரி வருகிறது.

விண்மீன் எரியும் உருண்டை என்று சொல்கிறோம். அது விறகுத் தீ அல்ல. அணுக்கள் சேர்ந்து வேறு அணு ஆகும்போது வரும் சூடு. ஆனாலும் அடுப்பை வைத்தே சொல்கிறேன், எளிதாக இருக்கும். முதல் விறகு ஹைட்ரஜன். அது எரிந்து வரும் சாம்பல் ஹீலியம். விண்மீனுக்கு வயதானதும் அந்தச் சாம்பலே மறுபடி எரிகிறது. அதிலிருந்து வருவதுதான் கார்பன். கார்பன் என்றால் கரி. நம் அடுப்புக்கரி, விளக்குக் கரி, பென்சில் முனை எல்லாம் அதுதான்.

இந்தக் கரி விண்மீனின் நடுவில் உண்டாகிறது. வயதான சில விண்மீன்களில், உலை கொதிக்கும்போது அடியில் இருக்கும் அரிசி மேலே வருவது போல, கரியும் மேலே வருகிறது. மேலே ஏற்கெனவே ஆக்சிஜன் இருக்கிறது. கரியும் ஆக்சிஜனும் ஒன்றுக்கு ஒன்று ஜோடி சேர்ந்துகொள்ளும். ஜோடி சேர்ந்த பிறகு மிச்சம் யார்? அதுதான் கேள்வி. ஆக்சிஜன் மிச்சம் என்றால் அந்த விண்மீனைச் சுற்றி உண்டாகும் தூசி மணல் தூள் மாதிரி இருக்கும். திருவாதிரை இந்த வகை. கரி மிச்சம் என்றால் புகைக்கரி உண்டாகும். அதுதான் கார்பன் விண்மீன்.

மண்ணெண்ணெய் விளக்கின் சிம்னியில் கரி படிந்தால் வெளிச்சம் எப்படி இருக்கும்? செக்கச் சிவந்து மங்கித் தெரியும். கார்பன் விண்மீனும் அப்படித்தான். கரியும் கரிச் சேர்க்கைகளும் நீல நிற ஒளியை விழுங்கிவிடுகின்றன. சிவப்பு மட்டும் வெளியே வருகிறது. ஆகவே சாதாரணச் சிவப்பு விண்மீனைவிட இது கடுஞ்சிவப்பு.

ஆனால் சிவப்பை மட்டும் பார்த்து முடிவு சொல்லக் கூடாது. நம் மலையில் சிவப்பாகக் காய்ப்பதெல்லாம் காப்பிப் பழமா? ஒளியைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒரு பழைய சி.டி. தட்டை வெளிச்சத்தில் சாய்த்தால் வானவில் நிறம் வருமே, அது போல விண்மீன் ஒளியையும் ஒரு கருவியால் பிரிக்கலாம். அந்த வானவில்லில் சில இடம் இருண்டிருக்கும். எந்தப் பொருள் அங்கே இருக்கிறதோ, அது தன் நிறத்தை விழுங்கி அடையாளம் வைத்துவிடும். கைரேகை மாதிரி. 1860களில் ரோம் நகரத்தில் செக்கி என்ற பாதிரியார் இப்படிப் பார்த்தார். சில சிவப்பு விண்மீன்களின் கைரேகை மற்றவற்றைப் போல இல்லை என்று கண்டார். அவற்றைத் தனியே நான்காம் வகை என்று வைத்தார். அவைதான் கார்பன் விண்மீன்கள்.

அந்தக் கைரேகையை உங்கள் சமையலறையிலும் பார்க்கலாம். கேஸ் அடுப்பின் சுடரில் உள்ளே நீலமும் பச்சையும் கலந்து தெரிகிறதல்லவா? கரி அணு இரண்டு ஜோடியாகச் சேர்ந்து ஒளிர்வதும் அதில் இருக்கிறது. அடுப்பில் அது ஒளி தருகிறது. விண்மீனில் அதே நிறத்தை விழுங்குகிறது. ஆள் ஒருவரே.

காவலூரில் இப்படி ஒளியைப் பிரித்துப் பார்க்கும் பெரிய தொலைநோக்கிகள் உள்ளன. ஒன்று 1972இல் வந்தது. அதைவிடப் பெரியது 1986இல். நம் நாட்டு வானியலாளர் காமேஸ்வர ராவ், கரிப்புகையால் திடீரென்று மறைந்துபோகும் ஒரு வினோத வகை விண்மீன்களைப் பற்றிப் பல்லாண்டு ஆராய்ச்சி செய்தார். அந்த வகையில் பேர்போன ஒன்று 2007இல் மங்கியது. பழைய நிலைக்கு வர ஏழெட்டு ஆண்டு ஆயிற்று.

இப்போது இயந்திரக் கண்களும் வந்துவிட்டன. கையா என்ற ஐரோப்பிய விண்கலம் 2014 முதல் 2025 வரை கோடிக்கணக்கான விண்மீன்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தது. “அப்படியானால் நாம் ஏன் பார்க்க வேண்டும்?” என்று போன வாரம் ஓர் அண்ணன் கேட்டார். நல்ல கேள்வி. இந்த விண்மீன்கள் ஏறி இறங்க மாதக்கணக்கு, ஆண்டுக்கணக்கு ஆகும். நூறு ஆண்டில் அவற்றின் போக்கே மாறலாம். நூறு ஆண்டுக் கணக்கு இயந்திரத்திடம் இல்லை. கண்ணால் பார்த்து எழுதியவர்களின் நோட்டில்தான் இருக்கிறது. தவிர, திருவாதிரை போன்ற மிகப் பிரகாசமான விண்மீன் சில பெரிய கருவிகளுக்குக் கண்ணைக் கூசும். நமக்குக் கூசாது.

இனி நம் கதை. வேட்டைக்காரனின் காலடியில் முயல் என்ற விண்மீன் கூட்டம் உண்டு. அதில் ஒரு கார்பன் விண்மீன் இருக்கிறது. ஆர் லெப்போரிஸ் என்று பெயர். 1845இல் ஹிண்ட் என்ற ஆங்கிலேயர் அதன் ரத்தச் சிவப்பைக் கண்டு வியந்தார். சுமார் 14 மாதத்துக்கு ஒரு முறை ஏறி இறங்கும். ஏறினால் எண் ஐந்தரை வரை. இறங்கினால் 11க்கும் கீழே.

வேட்டைக்காரனின் காலில் வெள்ளையாக ஒரு பெரிய விண்மீன் தெரியும். தெற்கே பார்த்து நின்று, கையை நீட்டுங்கள். அந்தக் கால் விண்மீனிலிருந்து கீழே, சற்று வலப்புறம், நாலு விரல் அகலத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகப் போனால் அந்த இடம்.

போன வாரம் நாங்கள் ஏழு பேர் தேடினோம். அகத்தியர் மலைக்கு வழி காட்டப் போகும் அண்ணன் பைனாகுலர் கொடுத்தார். முதல் இரவு பொன்முடிப் பக்கமிருந்து மேகம் வந்து மூடிவிட்டது. இரண்டாம் இரவு வானம் நன்றாக இருந்தது. ஆனால் அந்த இடத்தில் சிவப்பாக எதுவும் தெரியவில்லை. ஓர் அம்மா ஆரஞ்சு நிறத்தில் ஒன்றைக் காட்டினார். படத்தோடு வைத்துப் பார்த்தோம். அது வேறு. குளிரில் எல்லோருக்கும் சோர்வாகிவிட்டது.

“காணோம்னா என்னத்தை எழுத?” என்று நானே நோட்டை மூடினேன். கீழ் லயத்து அக்கா அதை வாங்கித் திறந்தார். பக்கத்தில் தெரிந்ததிலேயே மிக மங்கலான விண்மீன் எது என்று என்னிடம் கேட்டார். படத்தில் பார்த்தேன். அதன் எண் 8. அக்கா எழுத்துக் கூட்டி எழுதினார்: ‘முயல் சிவப்பு. காணோம். எட்டைவிட மங்கல்.’

அது சரியான குறிப்பு. ‘இதைவிட மங்கல்’ என்பதையும் அந்த அமெரிக்கச் சங்கம் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. அன்று அது இறங்கி இருந்தது என்பதற்கு அந்த வரி சாட்சி. மறுபடி எப்போது ஏறுகிறது என்று பார்க்கலாம். மாசி, பங்குனி வரை மாலையில் தெரியும். வைகாசியில் சூரியனோடு மறைந்துவிடும். ஆடியில் விடியற்காலை பெரட்டுக்குப் போகும்போது கிழக்கே வரும். அப்போது மழை விட்டால்தான் பார்க்க முடியும்.

நோட்டு இந்தச் சுவரில் ஆணியில் தொங்குகிறது. பென்சில் நூலில் கட்டியிருக்கிறது. நேற்று யாரோ திருவாதிரை பற்றி ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். ரோகிணியைவிடக் கூடுதல் என்று இருக்கிறது. தேதி போடவில்லை. யார் என்று சொல்லுங்கள், இப்போதே போட்டுவிடுவோம்.